உப்புக்காற்றும் போர்டும்: ஒரு திருத்தம்

அண்ணா, கடலூர் முதுநகர்ப் பக்கம் இன்வெர்ட்டர் போர்டு சீக்கிரம் போவதற்குப் "புது சிப் எல்லாம் மட்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மட்டச் சரக்கும் உண்டுதான். ஆனால் இங்கே முக்கியக் காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால், போர்டில் படிந்த சாப்பாட்டு உப்பு தானே நீர் இழுத்துக் கரையும். பழைய ஐசியில் (சிப்பில்) கால்களுக்கு இடையே 2.54 மி.மீ. இடைவெளி, இப்போது பலவற்றில் 0.5 தான். அந்த ஈரத்தில் மின்கசிவு, அப்புறம் போர்டின் செம்புத் தடம் பச்சை பூத்து அறுந்துபோகும்.

ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) மட்டும் போட்டுத் துடைக்கச் சொன்னதும் சரியில்லை. சால்டர் வைத்தபோது ஒட்டிய ஃபிளக்ஸ் பசை போகும், உப்பு ஐபிஏவில் சரியாகக் கரையாது. மின்சாரத்தையும் பேட்டரியையும் கழற்றி, பெரிய கெப்பாசிட்டர் வோல்டேஜ் இறங்கியதை மீட்டரில் பாருங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, அதன்பிறகு ஐபிஏ. டிரான்ஸ்ஃபார்மர், திறந்த ரிலே மேல் தண்ணீர் படக்கூடாது. நன்றாகக் காய்ந்தபின் அக்ரிலிக் கோட்டிங் அடியுங்கள். கனெக்டருக்கு டேப் ஒட்டிவிட்டு. கழுவாமல் கோட்டிங் அடித்தால் உப்பு உள்ளேயே சிக்கி, அடியில் அரித்துக்கொண்டே இருக்கும்.