பாஸ் வாசிக்கும்போது வாயை மூடுங்கள்

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் திருட்டுத்தனமாக எடுத்து, "காசு கொடுத்துப் போனால் பேசாதே என்கிறார்கள், இதென்ன ஸ்கூலா?" என்று நம் நியூஜெர்சி நண்பர் போட்டது. கீழே ஏகப்பட்ட சிரிப்பு எமோஜி. அன்றைக்கு இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால் சொல்கிறேன்: பேசாதே என்றது சரி. படம் எடுக்காதீர்கள், பேச்சைக் குறையுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள்.

பியானோ நின்று, டிரம்ஸ் அடங்கி, பாஸ் என்கிற ஆளுயரக் கம்பி வாத்தியம் மட்டும் தனியாக வந்த நேரம். விரல் கம்பியில் வழுக்குகிற உரசல்கூடக் கேட்கிறது. வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு தனக்குள் முனகுவதும் கேட்கிறது. சரியாக அப்போதுதான் நம்மவருக்கு வீட்டுக்கடன் வட்டி ஞாபகத்துக்கு வரவேண்டுமா?

காசு கொடுத்தாராம். 123 பேர் உட்காரும் நிலவறை அது. மற்ற 122 பேர் என்ன, ஓசியிலா வந்தார்கள்? பெரிய அரங்கத்தில் உங்கள் பேச்சு பக்கத்து சீட்டோடு போய்விடும். இங்கே வாசிப்பவர் காதிலேயே விழும்.

அடுத்தது, "மேட்டிமைத்தனம்". "சபா மாமா" என்றுகூட ஒரு கமெண்ட். சரி, ஒன்று சொல்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை ஒரு திங்கட்கிழமை அங்கே கூட்டிப்போனேன். 1966-இலிருந்து அங்கே திங்கட்கிழமை என்றால் பெரிய ஆர்க்கெஸ்ட்ராதான். அப்பாவுக்கு ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. "எப்பப்பா பாடுவாங்க?" என்று காதோடு கேட்டார். மெதுவான பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு, அந்தக் குறுகல் படியில் முட்டிவலியோடு ஏறி, ஏழாவது அவென்யூ நடைபாதையில் நின்று இருமிவிட்டு இறங்கி வந்தார். யாரும் சொல்லித்தரவில்லை. இதற்குப் பெயர் மேட்டிமைத்தனமா?

"பில் எவன்ஸ் ரெக்கார்டிலேயே கிளாஸ் சத்தமும் பேச்சும் கேட்கிறதே" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். கேட்கிறதுதான், ஒத்துக்கொள்கிறேன். பியானோ கலைஞர் பில் எவன்ஸ் தன் மூவர் குழுவோடு 1961 ஜூன் 25 அன்று இதே அறையில் வாசித்த பதிவு அது. பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ ஜூலை 6 அன்று கார் விபத்தில் போய்விட்டார். வயது 25. அந்த மூவர் சேர்ந்து செய்த கடைசிப் பதிவு அது. அப்படிப்பட்ட வாசிப்பின்மேல் அரட்டை அடித்த அந்த மேசைக்காரர்களை எனக்கு இன்றுவரை பிடிக்காது. அவர்களை உங்களுக்குச் சாட்சியாக வேறு அழைக்கிறீர்கள்! நடந்துவிட்டது என்பதற்காக அது நியாயமாகிவிடுமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். மேக்ஸ் கோர்டன் 1935-இல் தொடங்கிய இடம் இது. முதலில் கவிதை, நாட்டுப்பாடல் எல்லாம் நடந்தது. ஜாஸ் மட்டும் என்றானது 1957-இல்தான். 1989-இல் அவர் போனபின் மனைவி லொரேன் பிடிவாதமாக நடத்தினார், இப்போது மகள் நடத்துகிறார். ஒரு குடும்பம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில், கிறிஸ்டோபர் தெருவில் இருந்த 55 பார் என்ற ஜாஸ் கிளப் 2022-இல் மூடிவிட்டது. அன்று "அய்யோ, ஒரு சகாப்தம்" என்று பதிவு போட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் படிகளில் இறங்கியவர்கள்? கேட்டால் கோபம் வரும். இடம் போனபின் அழுவதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. இருக்கும்போது ஒரு மணி நேரம் சும்மா உட்காரத்தான் ஆள் இல்லை.

"நண்பனைப் பொதுவெளியில் கண்டிக்கலாமா?" என்பவர்களுக்கு: வீடியோவைப் பொதுவெளியில் போட்டது நானில்லை. என் முதுகும் அதில் தெரிகிறது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

நேற்று இரவு வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நல்லது. பொங்கல் விழாவுக்கு மைக், ஸ்பீக்கர் ஏற்பாட்டை இனி வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.