வாலஸும் இளவரசி இசபெல்லாவும் காதலித்தார்களா?

ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸும் எதிரியான இங்கிலாந்து அரச வீட்டு மருமகள் இசபெல்லாவும் காதலித்தார்கள், பின்னாளில் இங்கிலாந்து மன்னரான மூன்றாம் எட்வர்ட் அவர்களுக்குப் பிறந்தவர் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. 1995இல் வந்த 'பிரேவ்ஹார்ட்' படத்தின் கற்பனை அது. 1305 ஆகஸ்ட் 23 அன்று லண்டனில் ஆங்கிலேயர் வாலஸைக் கொன்றபோது, இசபெல்லா பிரான்சில் இருந்த பத்து வயதையொட்டிய சிறுமி. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டை மணந்து அங்கே வந்ததே 1308இல்தான். மூன்றாம் எட்வர்ட் பிறந்தது 1312 நவம்பரில். ஒரு குழந்தையைக் காதலியாக்கிப் பகிர்வது மனதை உறுத்துகிறது.

சரி, அந்த ஸ்காட்லாந்து-இங்கிலாந்து போரில் எதிரெதிர் அணிகளை இணைத்த நிஜமான திருமணம் வேண்டுமா? ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் மனைவி எலிசபெத், இங்கிலாந்து மன்னருக்கு நெருக்கமான அல்ஸ்டர் (அயர்லாந்தின் வடபகுதி) பிரபுவின் மகள். 1306இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டவர், பானக்பர்ன் போரில் ஸ்காட்லாந்து பெற்ற வெற்றிக்கு அப்புறம்தான், எட்டு ஆண்டு கழித்து, கணவரிடம் திரும்பினார்.