பந்துக்குக் காசு உண்டு, வழிச்செலவுக்குக் கிடையாது

என் கராஜில், கிறிஸ்மஸ் மரப் பெட்டிக்குக் கீழே, இரண்டு போச்சா பந்துப் பைகள் கிடக்கின்றன. ஒரு பையில் சிவப்பு ஆறு, நீலம் ஆறு, வெள்ளை ஒன்று. வெள்ளைப் பந்துக்கு எவ்வளவு கிட்டப் போடுகிறோம் என்பதுதான் ஆட்டம். உட்கார்ந்தபடியே விளையாடலாம், கை நடுங்கினாலும் விளையாடலாம், அதனால்தான் ஆசையாகக் கேட்டு வாங்கினோம். உள்ளூர்க் கவுன்சிலின் சமூக விளையாட்டு நிதியில் கிடைத்தவை. ஏழு மாதமாக யாரும் தொடவில்லை.

லண்டனின் வெளிப்புறத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்தும் சனிக்கிழமைக் குழு இது. முழங்கால் போனவர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், வீட்டில் தனியே இருந்து பேச்சே மறந்துபோன வயதானவர்கள். விண்ணப்பத்தில் மூன்று கேட்டிருந்தோம்: பந்து, மண்டப வாடகை, ஆட்களை ஏற்றி இறக்க வண்டிச்செலவு. பந்து உடனே கிடைத்தது. மற்ற இரண்டுக்கும், தொடர்ந்து வரும் நடைமுறைச் செலவுகளுக்கு இந்த நிதி இல்லை என்று ஒரே வரியில் பதில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் வாடகைக்கு எடுப்பதே கவுன்சில் மண்டபத்தைத்தான். அந்தக் காசு கிடைத்திருந்தாலும் ஒரு மேசையில் வாங்கி அடுத்த மேசையில் கட்டியிருப்போம். சனிக்கிழமை காலையில் அந்த மண்டபம் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. காசே வேண்டாம், வாரம் இரண்டு மணி நேரம் சாவியைத் தாருங்கள் என்று கேட்டால், அது வேறு பிரிவாம்.

கவுன்சில்காரர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் நூலகமும் முதியோர் பராமரிப்பும் கவுன்சிலின் சட்டக் கடமை. விளையாட்டு அப்படி இல்லை, விருப்பம் இருந்தால் செய்யலாம். காசு முடைப்பட்டால் முதல் கத்தி அங்கேதான் விழும். 2020-இல் குரொய்டனும் 2023-இல் பர்மிங்ஹாமும் கணக்கைச் சமன்செய்ய முடியாது என்று கையை விரித்து 114 நோட்டீஸ் விட்டதைப் பார்த்த எந்த நிதி அதிகாரிதான் அடுத்த வருடமும் தொடரும் செலவுக்குக் கையெழுத்து வைப்பார்? பந்து ஒரே தடவை. வாங்கினோமா, படம் எடுத்தோமா, கோப்பை மூடினோமா. ஆக, தொகை சிறிது என்பது என் குறை இல்லை. கொடுக்கிற விதம்தான் குறை.

மினிபஸ் கதையைச் சொன்னால் புரியும். லாபநோக்கம் இல்லாத குழுக்கள், பேருந்து நிறுவன உரிமம் இல்லாமலே தம் ஆட்களை ஏற்றிச்செல்ல 1985 போக்குவரத்துச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அனுமதி தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஓட்டுவது யார்? 1997 ஜனவரி 1-க்கு முன் கார் தேர்வில் தேறியவர்களின் உரிமத்தில் டி1 என்ற பிரிவு தானாகவே இருக்கும், அவர்கள் 16 இருக்கை வரை ஓட்டலாம். 70 வயதானால் மருத்துவப் பரிசோதனையில் தேறாமல் அந்தப் பிரிவு நிலைக்காது. அந்த 1997 தேதிக்குப் பிறகு தேறியவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களாக ஓட்டலாம். அதற்கு வண்டியின் எடை 3.5 டன்னைத் தாண்டக்கூடாது, சக்கர நாற்காலி ஏற்றும் கருவிகள் இருந்தால் 4.25 டன் வரை. நம்மவர்களில் பெரும்பாலானோர் எப்போது இங்கே வந்து லைசன்ஸ் எடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் குழுவில் டி1 உள்ளவர்கள் இரண்டு பேர், இருவரும் அறுபது தாண்டிய அண்ணைமார். ஒருவருக்குக் கண்புரை. மற்றவர் வர முடியாத சனிக்கிழமைகளில் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் பாதிப்பேர் இல்லை. எந்த விண்ணப்பத்திலும் இதை எழுத ஒரு கட்டம் கிடையாது.

“பஸ்ஸில் தாழ்தளம் இருக்கிறதே” என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். இருக்கிறது. லண்டன் பஸ்களில் ஒரு சக்கர நாற்காலிக்கு இடமும் உண்டு. எங்களில் நாற்காலியில் வருபவர்கள் நான்கு பேர். ஒருவர் பின் ஒருவராக நான்கு பஸ்ஸில் வரச் சொல்லலாமா?

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டின் தொடக்கமே எனக்கு இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைப் புல்வெளியில் மருத்துவர் லுட்விக் குட்மன் ஒரு வில்வித்தைப் போட்டி வைத்தார். போரில் முதுகுத்தண்டு அடிபட்ட 16 பேர் கலந்துகொண்டார்கள். பாராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்ததுதான். பலரும் விட்டுவிடும் சங்கதி ஒன்று உண்டு: அந்த நோயாளிகளுக்கென மாற்றியமைத்த பேருந்து ஒன்றைக் கையளிக்கும் நிகழ்வோடு சேர்த்துத்தான் அந்தப் போட்டியே வைக்கப்பட்டது. வில்லோடு வண்டியும் வேண்டும் என்று அன்றே யாருக்கோ தெரிந்திருக்கிறது.

கவுன்சிலால் முடியவே முடியாத விஷயமும் இல்லை இது. லாட்டரி நிதியின் ‘அவார்ட்ஸ் ஃபார் ஆல்’ திட்டம் இங்கிலாந்தில் 300 முதல் 20,000 பவுண்ட் வரை, இரண்டு வருடம் வரைக்கும் தருகிறது. அதில் போக்குவரத்தும் கேட்கலாம், நடைமுறைச் செலவும் கேட்கலாம். கட்டட நிறுவனங்களிடம் வசூலிக்கும் உள்கட்டமைப்புத் தீர்வையில் பொதுவாக 15 சதவீதம் அந்தந்தப் பகுதிக்கென்று ஒதுங்குகிறது. அதைச் செங்கல்லுக்கு மட்டும் என்று சட்டம் கட்டிப்போடவில்லை. மூன்று வருடத்துக்குச் சிறு தொகை, வருடம் ஒரு பக்கக் கணக்கு, கூடவே மண்டபச் சாவி. இவ்வளவுதான் கேட்கிறேன்.

சரி, நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். கோடையில் நம் கழகங்கள் நடத்தும் கிரிக்கெட், உதைபந்தாட்டப் போட்டிகளில் ஆள் உயரக் கேடயங்கள் வரிசையாக நிற்கும். மைதான ஓரத்துக் கூடாரத்தில் அப்பாமாரும் அம்மாமாரும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களையும் விளையாட வைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றாது. கிராண்ட் என்றாலே ‘அதெல்லாம் வெள்ளைக்காரருக்கு’ என்பார்கள். யாப்பு என்கிற குழு விதிகள், இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, பொறுப்புக் காப்புறுதி, பாதுகாப்புக் கொள்கை: இந்த நாலையும் தயார் செய்ய எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. மலையைப் புரட்டும் வேலை இல்லை. அப்புறம், கவுன்சிலருக்கு வாக்குப் போட மட்டும் போகாமல், அவர் மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு ஒரு சக்கர நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். நாங்கள் போனோம். வாசலில் இரண்டு படி இருந்தது. அவரே வெளியே வந்து நின்று பேசினார், முதல் தடவையாக முழுதாகக் கேட்டார்.

புது விண்ணப்பம் திறந்திருக்கிறது. ஐந்தாம் கேள்வி: இந்தத் திட்டத்தில் புதிதாக என்ன செய்யப்போகிறீர்கள்? “ஒன்றுமில்லை, அதே ஆட்கள், அதே சனிக்கிழமை, வந்து சேர்ந்தால் போதும்” என்று எழுதினேன். பொருளாளர் அக்கா வாசித்துவிட்டுச் சிரித்தார், பிறகு அழிக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்னும் அழிக்கவில்லை.