பதிவு எண் கொடுத்த பிறகும் "எந்த நாடு?" என்று கேட்பவர்களுக்கு

"வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று டூட்டி டாக்டர் பணிக்கு அந்த மருத்துவமனை கொடுத்த விளம்பரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே "சரியான முடிவு" என்று எழுதியவர்களில் என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவர்களும் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் உக்ரைனில் படித்தவள். ஊர் திரும்பியவுடன் எங்கள் கையில் யாரும் ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்துவிடவில்லை. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்க, 2002-ஆம் ஆண்டு முதல் இருக்கும் எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் 300 கேள்விகளுக்கு 150 மதிப்பெண் எடுக்க வேண்டும். பிறகு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. அதையும் முடித்தால்தான் மாநில மருத்துவ கவுன்சிலில் நிரந்தரப் பதிவு. கொரோனாவாலும் போராலும் நேரடி வகுப்பை இழந்த இறுதியாண்டு மாணவர்களுக்கு, 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அந்தப் பயிற்சியை இரண்டு ஆண்டுகளாக்கியது. அதையும் முடித்தோம். உள்நாட்டில் படித்தவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவான நெக்ஸ்ட் தேர்வுக்கு 2019-இலேயே சட்டம் வந்துவிட்டது; தேர்வுதான் இன்னும் வரவில்லை. ஒரே கேள்வித்தாளை வையுங்கள், எழுதுகிறோம்.

"எஃப்.எம்.ஜி.இ.யில் ஐந்தில் ஒருவர்தானே தேறுகிறார்?" என்பீர்கள். பல முறை அப்படித்தான். ஆனால் தேறாதவர் உங்களிடம் வேலை கேட்டு வரவே முடியாது. தேறி, பதிவு எண்ணோடு வருபவரைத் தேறாதவர்களின் கணக்கில் சேர்ப்பது என்ன நியாயம்?

"காசு கொடுத்து டாக்டர் ஆனவர்கள்" என்கிறீர்கள். நீட்டில் தகுதி மதிப்பெண்ணை மட்டும் எட்டிவிட்டு, ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் கட்டி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவரிடம் இதை யாரும் சொல்வதில்லை. அங்கே இரண்டு ஆண்டுக் கட்டணத்தைக்கூட என் அப்பாவால் புரட்டியிருக்க முடியாது. வீட்டை அடமானம் வைத்துத்தான் என்னை அனுப்பினார். அந்த வட்டியை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நோயாளியைத் தொட்டுப் பழகாதவர்கள் என்பது ஓரளவு உண்மை. அங்கே நோயாளியின் மொழி வேறு. பேராசிரியரின் பின்னால் நின்று பார்த்ததே அதிகம். அந்தக் குறையைத் தீர்க்கத்தானே இங்கே பயிற்சி? ஓர் இரவு வயிற்றுப்போக்கில் வற்றிப்போன கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். நரம்பே தட்டுப்படவில்லை. சின்ன டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் பிடித்து, வெளிச்சத்தில் தெரிந்த மெல்லிய கோட்டில் வென்ஃப்ளான் என்ற ட்ரிப் ஊசிக் குழாயைப் போட்டேன், ட்ரிப் ஓடியது. மறுநாள் ரவுண்ட்ஸில் பேராசிரியர், "இந்த லைனை உக்ரைனா போட்டது?" என்று கேட்டார். பயிற்சி முடியும்வரை அந்த வார்டில் எனக்கு அதுதான் பெயர். என் பெயர் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

போர்ச் சத்தத்துக்கு நடுவே எல்லை தாண்டி வந்தபோது எங்களுக்காக அழுதவர்கள், வேலை கேட்கும்போது மட்டும் கதவைச் சாத்துகிறீர்களே, ஏன்?

எங்களுக்குச் சலுகை வேண்டாம். நேர்காணலுக்குக் கூப்பிடுங்கள், ஒரு இசிஜியைக் கையில் கொடுங்கள், நோயாளியிடம் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் வேலை கொடுக்காதீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.