1993 கிராண்ட் நேஷனல் பந்தயத்தை ரத்து செய்தது கலவரமா?

வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: 1993இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம், பார்க்க வந்த கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி அடிதடி செய்ததால் ரத்தானதாம். சரியில்லை.

லிவர்பூலின் ஐன்ட்ரீ மைதானத்தில் அன்று ஆட்கள் உள்ளே இறங்கியது உண்மைதான். குதிரைகள் தாண்ட வேண்டிய முதல் தடுப்புக்கு அருகே வந்த, விலங்குநலத்துக்காகப் பந்தயத்தை எதிர்த்த அவர்களால் புறப்பாடு கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான். பந்தயத்தைக் கெடுத்தது ஸ்டார்ட்டிங் நாடா, அதாவது தொடக்கத்தில் குதிரைகளுக்கு முன்னால் குறுக்கே கட்டும் நாடா. இரண்டாவது முறை கிளப்பும்போது அது ஜாக்கி ரிச்சர்ட் டன்வுடியின் கழுத்தில் சிக்க, பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் அதிகாரியான ஸ்டார்ட்டர் தவறான தொடக்கம் என்று கொடி காட்டப் பார்த்தார், கொடி விரியவே இல்லை. 39 ஜாக்கிகளில் 30 பேர் தம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, வழியில் நிறுத்தச் சொல்லிக் கையாட்டிய அதிகாரிகளையே சில ஜாக்கிகள் எதிர்ப்பாளர்கள் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போனதுதான். கடைசிவரை ஓடி முடித்தவை 7 குதிரைகள். முதலில் வந்தது ஈஷா நெஸ், ஆனால் முடிவு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். சுமார் 7.5 கோடி பவுண்டு, குதிரைகள் மேல் மக்கள் கட்டிய பணம், திருப்பித் தரப்பட்டது.

அப்புறம், அந்த ஃபார்வர்டோடு வரும் 'மக்கள் அலறி ஓடும்' கதை 1997இல் நடந்தது. அதுவும் அடிதடி இல்லை, வெடிகுண்டு மிரட்டல். சனிக்கிழமை சுமார் 60,000 பேரை வெளியேற்றிவிட்டு, திங்கட்கிழமை பந்தயத்தை நடத்தினார்கள்.