தோல்வி உறுதி என்று தெரிந்தும்

2002 குடியரசுத் தலைவர் தேர்தல் என்றதும் நம் எல்லோருக்கும் அப்துல் கலாம்தான் நினைவுக்கு வருகிறார். ராமேசுவரத்துப் பிள்ளை ராஷ்டிரபதி பவனுக்குப் போன பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால், அவரை எதிர்த்து நின்றவரும் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானவர் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இடதுசாரிக் கட்சிகள் கேட்டுக்கொண்டதை ஏற்று வேட்பாளரானபோது கேப்டன் லட்சுமி சேகலுக்கு வயது 87. ஆளும் தேசிய ஜனநாயகக் கூட்டணி நிறுத்திய கலாமை காங்கிரசும் சமாஜ்வாதி கட்சியும் ஆதரித்துவிட்டன. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்கும் தேர்தல் என்பதால் முடிவை யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே கூட்டிப் பார்த்துவிடலாம். இத்தனை மரியாதைக்குரிய மனிதரை ஒருமனதாகவே தேர்ந்தெடுத்துவிடலாமே, இந்த வயதில் அந்த அம்மாவை எதற்கு அலைக்கழிக்கிறார்கள் என்று எங்கள் வீட்டிலேயே அப்பா வருத்தப்பட்டார். அன்று நானும் தலையாட்டினேன். இன்று அது தவறென்று உறுதியாக நினைக்கிறேன்.

குஜராத் கலவரம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. மதச்சார்பின்மை பற்றிய கேள்வியை நாட்டின் மிக உயர்ந்த பதவிக்கான தேர்தலில் எழுப்பியே ஆக வேண்டும் என்று கருதிய ஒரு தரப்புக்கு, அதைச் சொல்ல ஒரு வேட்பாளர் தேவைப்பட்டார். வெல்லக்கூடிய இடத்துக்குக் கட்சி அழைத்தால் ஒப்புக்கொள்ள ஆயிரம் பேர் வருவார்கள். தோற்கப்போகும் இடத்துக்கு அழைக்கும்போது சரி என்று சொல்பவர், கட்சிக்கு மட்டுமல்ல, வாக்களிப்பவருக்கும் ஒரு மாற்றைக் கொடுக்கிறார். 1977-இல் நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானதைப் போல 2002-உம் முடிந்திருந்தால் அந்தக் கேள்வி வாக்காகப் பதிவாகியே இருக்காது. போட்டியில் வென்றதால் கலாமின் பெருமையும் துளிகூடக் குறையவில்லை.

இந்தத் தேர்தலில் ஒவ்வோர் உறுப்பினரின் வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு; ஜூலை 18 அன்று வாக்குகளை எண்ணியபோது கலாமுக்குக் கிடைத்த மொத்த வாக்கு மதிப்பு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. வைப்புத்தொகையைக் காப்பாற்றத் தேவையான ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை. சிங்கப்பூரில் நேதாஜி கேட்டபோது, அவருடைய இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையை ஏற்று நடத்தியவர், வங்கதேசப் போரின்போது எல்லைக்குப் போய் அகதிகளுக்கு மருத்துவம் பார்த்தவர். அவருக்கு இந்தத் தோல்வி எம்மாத்திரம்? கான்பூரில் ஏழைகள் வரும் தன் சிறிய மருத்துவமனைக்கே திரும்பினார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.