புதுக் கருவி வாங்கினால் மட்டும் போதாது

பழைய சைக்கிள் கம்ப்யூட்டரை (வேகம், தூரம், வழி காட்டும், கைப்பிடியில் பொருத்தும் சிறு கருவி) மாற்றிவிட்டால் கைப்பேசி இணைப்புத் தொல்லை தீர்ந்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மாற்றிப் பார்த்தவன். திரை பளிச்சென்று இருக்கிறது, வரைபடம் அருமை. ஆனால் சவாரி முடிந்து வீடு திரும்பினால் 'இணைக்கப்படவில்லை' என்ற அதே வரிதான்.

கோளாறு பெரும்பாலும் கைப்பேசியில் இருக்கிறது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் கருவியோடு இணைக்கும் செயலியைப் பின்னணியில் ஓடவிடாமல் நிறுத்திவிடுகின்றன. அமைப்புகளுக்குள் போய் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி கிடைத்தது. நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை இன்னொரு தலைவலி. பழைய புளூடூத் பட்டைகள் பல, ஒரு நேரத்தில் ஒரு கருவியோடு மட்டுமே பேசும். கைப்பேசி முந்திக்கொண்டால் சைக்கிள் கம்ப்யூட்டர் திரையில் இதயத்துடிப்பு எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள்தான் தெரியும். ஆன்ட் பிளஸ் (ANT+) என்ற இன்னொரு கம்பியில்லா இணைப்பு முறையில் இந்தச் சண்டையே இல்லை; ஒரே பட்டையின் தரவைப் பல கருவிகள் ஒருசேர வாங்கிக்கொள்ளலாம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

2020 ஜூலையில் இணையத் தாக்குதலால், இத்தகைய கருவிகளைத் தயாரிக்கும் கார்மின் நிறுவனத்தின் இணையச் சேவை சில நாட்கள் முடங்கியபோது, யுஎஸ்பி கேபிள் வழியாகக் கருவியிலிருந்து தரவுக் கோப்பை நேரடியாக எடுக்கத் தெரிந்தவர்களுக்குச் சவாரிப் பதிவு கையிலேயே இருந்தது. அந்த வழியை அடைத்துவிட்டு எல்லாவற்றையும் கைப்பேசியிடமே ஒப்படைக்கும் கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.